ஃபாரத்துக்குள் அடங்கிய நாயகர்கள்: சிவகாசி முத்து, லயன் காமிக்ஸ் நின்று பிடித்த கதை

1984 ஜூலையில் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் இரண்டு புதிய காமிக்ஸ் தொங்கின. ஒன்று ராணி காமிக்ஸ். முதல் இதழே ஜேம்ஸ் பாண்ட் கதை, 'அழகியைத் தேடி'. இன்னொன்று லயன் காமிக்ஸ். அதன் முதல் இதழ் 'கத்திமுனையில் மாடஸ்டி'. ராணிக்குப் பின்னால் தினத்தந்தி குழுமம் இருந்தது. விடியற்காலையில் பேப்பர் கட்டு இறங்கும் ஊரெல்லாம் அதற்கு முகவர் உண்டு. லயனுக்குப் பின்னால் இருந்தது சிவகாசியில் ஒரு குடும்ப அச்சுத்தொழில். ஆசிரியர் எஸ். விஜயன் அப்போது இருபதைத் தொடாத இளைஞர்.

ராணி காமிக்ஸ் 500 இதழ் கண்டு 2005-ல் நின்றது. அதற்கு முன்பே, டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் 1990-ல் கடையைக் கட்டியிருந்தது. பணமும் வண்டியும் ஆளும் உள்ள இரண்டு பெரிய இடங்களுக்குக் கட்டாத தொழில், சிவகாசிச் சின்ன இடத்துக்கு மட்டும் எப்படிக் கட்டுகிறது?

'வாசகர் பாசம்' என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். பொய்யில்லை, ஆனால் பாசத்தைக் கொண்டு பேப்பர் கடைக்காரருக்குப் பணம் கொடுக்க முடியாது. தாள் அளவு, ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் கட்டு), கழிவு, முகவர் பாக்கி ஆகியவற்றிலிருந்து தொடங்கினால்தான் இந்தக் கதை புரியும். எந்த நாயகன் தமிழ் பேசினான், எவன் இருபது வருடம் காத்திருந்தான் என்பதைக்கூடப் பெரும்பாலும் தாள்தான் தீர்மானித்திருக்கிறது.

இரும்புக்கை வந்த வழி

விஜயனின் தந்தை மு. சௌந்திரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மூலம் பிரிட்டனில் ஃப்ளீட்வே நிறுவனத்தின் 'வேலியன்ட்' வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர். ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் ப்ளாஸ்கோ வரைந்தது. ஆய்வுக்கூட உதவியாளன் லூயி கிராண்டேலுக்கு ஒரு கை எஃகு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆங்கிலத் தலைப்பு வெறுமனே எஃகு நகத்தைத்தான் சொல்லும். தமிழ்த் தலைப்பு கையையும் மறைதலையும் இரண்டே சொல்லில் முடித்துவிட்டது. மூலத்தைவிடத் தமிழ்ப் பெயர் மேல் என்று அடித்துச் சொல்லக்கூடிய இடங்கள் மொழிபெயர்ப்பில் குறைவு. இது அதில் ஒன்று.

சிவகாசியில் இது நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. எழுத்து கோத்து அடிக்கும் பழைய அச்சகத்தில் படம் வேண்டுமென்றால், ஒவ்வொரு படத்துக்கும் பிளாக், அதாவது உலோக அச்சுக்கட்டை, செய்ய வேண்டும். 128 பக்கமும் படமாக இருக்கும் புத்தகத்துக்கு 128 பிளாக். மலிவு விலைப் புத்தகம் அதைத் தாங்காது. தீப்பெட்டி லேபிள், நாட்காட்டி, வாழ்த்து அட்டை என்று படம் அடித்தே வளர்ந்த ஊர் சிவகாசி. லித்தோவும் ஆஃப்செட்டும் அங்கே தெருத்தொழில். ஆஃப்செட்டில் பக்கத்தைக் கேமராவில் நெகட்டிவ் எடுத்து, 16 பக்கத்தை ஒன்றாக ஒட்டி, ஒரே தகட்டில் ஏற்றிவிடலாம். படமும் எழுத்தும் தகட்டுக்கு ஒன்றுதான். அட்டைப்படம் தீட்ட நாட்காட்டி ஓவியர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார்கள். அந்தக் கால அட்டைகளில் லண்டன் உளவாளியின் கன்னத்தில்கூட முருகன் காலண்டர் பளபளப்பு தெரிவதற்கு அதுதான் காரணம்.

அடுத்து வந்த நாயகர்களைப் பாருங்கள்: ஜானி நீரோ, லாரன்ஸ்-டேவிட். பிற்பாடு லயனில் ஸ்பைடர். இவர்கள் எல்லோரும் ஃப்ளீட்வே 1967-ல் நடத்திய பாக்கெட் அளவு நூல் வரிசையில் இருந்தவர்கள். மாயாவிக்கும் அதில் இடம் இருந்தது. இதழுக்கு ஒரு முழுக்கதை, சுமார் 130 பக்கம், பக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டே கட்டம், கறுப்பு வெள்ளை. தமிழ்நாட்டு அச்சகத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற சரக்கு.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். டபுள் கிரவுன் தாள் 20×30 அங்குலம். அதை மடித்தால் 5×7½ அங்குலப் பக்கம், ஒரு புறத்துக்கு 16, இரு புறமும் சேர்த்து 32 வரும். ஆக 128 பக்கப் புத்தகத்துக்குச் சரியாக நான்கு தாள். 10,000 பிரதி அடித்தால் 40,000 தாள், அதாவது 80 ரீம். கழிவுக்கு நான்கைந்து ரீம் சேர்த்துக்கொள்ள வேண்டும். சதுர மீட்டருக்கு 48.8 கிராம் எடையுள்ள நியூஸ்பிரிண்ட்டில் இந்த அளவு ரீம் ஒன்பதரைக் கிலோ வரும். கழிவும் சேர்த்து மொத்தம் சுமார் 800 கிலோ தாளில் வேலை முடிகிறது.

இதில் நான்கு பக்கம் கூடினால் என்ன ஆகும்? தாளில் எட்டில் ஒரு பங்குக்காகத் தனித் தகடு, தனி மடிப்பு, பைண்டருக்குத் தனி வேலை. அதனால்தான் மூலத்தில் 131 பக்கம் ஓடும் கதை தமிழில் 124-ல் முடியும், மீதி நான்கில் வாசகர் கடிதமும் 'அடுத்த வெளியீடு' விளம்பரமும் வரும். இடம் மிச்சமானால் துணுக்கு, போதாவிட்டால் துரத்தல் காட்சியில் ஒரு பக்கம் காலி. 'இந்த இடத்தில் கதை ஏன் தாவுகிறது?' என்று பழைய வாசகர்கள் கேட்கும் பல கேள்விகளுக்கு விடை ஃபாரத்தில் இருக்கிறது.

பைண்டிங்கும் தன் பங்குக்கு வெட்டும். 128 பக்கத்தை நடுவில் கம்பி அடித்தால், 32 மடித்த தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நியூஸ்பிரிண்ட் ஒரு தாளின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. நடுத்தாள் வெளியே தள்ளி நிற்பது 2 மி.மீ.க்கு மேல். கட்டிங் மெஷினில் ஓரத்தை நேராக வெட்டும்போது நடுப்பக்கங்களில் அந்த 2 மி.மீ. போய்விடும். ஓரத்தில் வசனம் அடங்கிய பலூன் இருந்தால் கடைசி எழுத்தும் அதோடு போகும். பக்கவாட்டில் கம்பி அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உள் ஓரம் விழுங்கப்படும், புத்தகம் விரிந்து படுக்காது, படிக்கிற பையன் அழுத்தி விரிப்பான், நான்காவது வீட்டுக்குப் போகும்போது அட்டை தனியாக இருக்கும்.

பலூனுக்குள் தமிழ்

மூலப்பக்கத்தின் பிரதி கைக்கு வந்ததும் முதல் வேலை ஆங்கிலத்தை அழிப்பது. வெள்ளைப் பெயின்ட் பூசி, தமிழ் வசனத்தை எழுதியோ கோத்தெடுத்தோ துண்டாக வெட்டி, ரப்பர் சொல்யூஷனால் ஒட்டுவார்கள். பிறகு கேமரா, நெகட்டிவ். நெகட்டிவில் ஊசிமுனைத் துளைகள் விழும், ஒவ்வொன்றையும் தூரிகையால் அடைக்க வேண்டும். அடைக்காத துளை அச்சில் கரும்புள்ளி. துண்டின் ஓரம் தூக்கி நின்றால் அதன் நிழல் மெல்லிய கோடாக விழும். பழைய இதழ்களில் பலூனுக்குள் காரணமில்லாமல் ஒரு கட்டம் தெரிகிறதே, அது அந்த நிழல்.

சிக்கல் நீளத்தில் இருக்கிறது. 'அவன் போய்விட்டான்' என்பதை ஆங்கிலத்தில் மூன்று குட்டிச் சொல்லில் சொல்லிவிடலாம், எட்டே எழுத்து. மூன்று வரியாக உடைத்து முட்டை வடிவ பலூனில் வைத்தால் அழகாக உட்காரும். தமிழில் 'அவன்' என்பதை வெட்டிவிட்டாலும் 'போய்விட்டான்' ஒரே சொல். கொம்பு, ப, கால், ய், வி, ட், ட, கால், ன் என்று அகலவாக்கில் ஒன்பது இடம் பிடிக்கிறது. நடுவில் உடைத்தால் 'போய்-', 'விட்டான்' என்று கோமாளித்தனமாக இருக்கும். மேலே விசிறியும் சுழியும், கீழே உகரக் காலும் இருப்பதால் வரிகளை நெருக்கவும் முடியாது. ஆகவே எழுத்தைச் சின்னதாக்க வேண்டும், அல்லது பலூனைப் பெரிதாக்கிப் படத்தைத் தின்ன வேண்டும், அல்லது வசனத்தைச் சுருக்க வேண்டும். நல்ல காமிக்ஸ் மொழிபெயர்ப்பாளர் மூன்றாவதைச் செய்வார். பழைய இதழ்களில் இரண்டாவதும் தாராளமாக நடந்தது. முகத்தை நெருங்கி நிற்கும் பலூனில் வால் எங்கே முடிகிறது, யார் பேசுவது என்றே தெரியாத கட்டங்கள் உண்டு.

சத்தம் இன்னொரு தலைவலி. வெடிச்சத்தமும் குத்துச்சத்தமும் ஓவியத்தோடு ஓவியமாக வரையப்பட்டிருக்கும். அழித்தால் பின்னணியை மறுபடி வரைய வேண்டும். அழிக்காவிட்டால் தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலம் நிற்கும். இடம் கிடைத்தபோது 'டுமீல்' போட்டார்கள், மற்ற இடங்களில் அப்படியே விட்டார்கள். அப்படி விட்டதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அவசரத்தில் ஒட்டிய 'டமால்' நல்ல ஓவியத்தைக் கெடுத்த பக்கங்கள் அதிகம்.

மாடஸ்டி பிளைசி இதைவிடச் சிரமமான சரக்கு. பீட்டர் ஓ'டோனல் எழுதி ஜிம் ஹோல்டவே வரைந்த அந்தத் தொடர் 1963 முதல் லண்டன் மாலை நாளிதழில் தினம் ஒரு பட்டையாக வந்தது. ஒரு பட்டைக்கு மூன்று கட்டம் என்று வைத்துக்கொண்டால், நூறு நாள் ஓடும் கதையில் முந்நூறு கட்டம். அதை வெட்டிப் பக்கத்துக்கு இரண்டு, மூன்று என்று அடுக்கினால் பாக்கெட் புத்தகம் தயார். கேட்க எளிது. ஆனால் கட்டங்களின் அகலம் ஒன்றுபோல் இருக்காது. ஓரங்களை நம் ஓவியர் நீட்டி வரைந்து நிரப்ப வேண்டும். பட்டை எண்ணையும் உரிமை வரியையும் தேடித் தேடி அழிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, நாளிதழ்ப் பட்டையின் முதல் கட்டம் நேற்று நடந்ததை ஒருமுறை சொல்லும். புத்தகமாகப் படிக்கும்போது அது பக்கத்துக்குப் பக்கம் சொன்னதையே சொல்லும் தொணதொணப்பு. அதைத் துடைத்தெறிந்து புது வசனம் வைப்பது மொழிபெயர்ப்பைத் தாண்டிய வேலை. லயன் முதல் இதழுக்கு எடுத்துக்கொண்டது இந்தச் சரக்கை என்பதை நினைத்தால், அது துணிச்சலா அனுபவமின்மையா என்று சொல்வது கடினம்.

ஊற்று வற்றியபோது

பிரிட்டிஷ் சரக்குக்கு ஒரு முடிவு இருந்தது. பிரிட்டனின் 'லயன்' வார இதழ் 1974-ல் 'வேலியன்ட்'டோடு சேர்ந்தது, 'வேலியன்ட்' 1976-ல் இன்னொன்றில் கரைந்தது. மாயாவிக்குப் புதுக் கதை இனி வராது. இருப்பதைத் திரும்பத் திரும்ப அடிக்கலாம், அல்லது வேறு ஊற்று தேடலாம். திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று கிளைகள் விட்ட எண்பதுகளில் சிவகாசி ஐரோப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

முதலில் கச்சிதமாகப் பொருந்தியது இத்தாலி. 1948-ல் பிறந்த கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர், பொனெல்லி நிறுவனத்தின் சரக்கு. ஏறக்குறைய 16×21 செ.மீ. அளவு, இதழுக்கு 110 பக்கம், பக்கத்துக்கு மூன்று அடுக்கு, ஆறு கட்டம் வரை, கறுப்பு வெள்ளை. கோடுகள் தடித்தவை, கறுப்பு தாராளம். நியூஸ்பிரிண்ட்டில் மை பரவும். மயிர்க்கோட்டு நிழல்கள் அதில் அடைத்துக்கொண்டு சேறாகிவிடும். தடித்த கோடு தப்பிக்கும். டெக்ஸ் 1985-ல் 'தலைவாங்கிக் குரங்கு' கதையோடு தமிழுக்கு வந்து இன்றுவரை இந்தப் பதிப்பகத்தின் அன்னதாதாவாக இருப்பதற்குக் கதை பாதிக் காரணம், அச்சுக்கு அடங்குவது மீதிக் காரணம். நவஹோ செவ்விந்தியர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'இரவுக் கழுகார்' ஆனது, அவனுடைய நரைத்த நண்பர் கார்சன் 'வெள்ளிமுடியார்' ஆனார். அந்த 'ஆர்' விகுதியில்தான் டெக்ஸ் தமிழனாகிப் போனான்.

பிரான்ஸ், பெல்ஜியம் சரக்கோ பொருந்தவே இல்லை. அங்கே ஆல்பம் சுமார் 22×29 செ.மீ., 46 பக்கம், நான்கு அடுக்கு, பத்துப் பன்னிரண்டு கட்டம், முழு வண்ணம். அதைப் பாக்கெட் அளவுக்குச் சுருக்கினால் எழுத்து எறும்பாகிவிடும். கட்டங்களை வெட்டி இரண்டு பக்கமாக்கினால் ஓவியர் யோசித்து அமைத்த பக்கம் செத்துவிடும். வண்ணத்தை நம்பி வரைந்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் அடித்தால், இரவு எது, பகல் எது, சிவப்புச் சட்டை எது என்ற தகவலே போய்விடும். இவ்வளவு இருந்தும் லக்கி லுக் வந்தார், ப்ளூபெர்ரி வந்தார், பதிமூன்று எண் பச்சை குத்தப்பட்டு நினைவிழந்த மனிதனும் வந்தான். லெஃப்டினன்ட் ப்ளூபெர்ரி தமிழில் 'கேப்டன் டைகர்'. எந்த ராணுவமும் தராத பதவி உயர்வைச் சிவகாசி தந்தது. ஜான் ஷிரோ கண்ணும் கருத்துமாக வரைந்த பாலைவனங்கள் சாம்பல் நிற நியூஸ்பிரிண்ட்டில் மங்கிப்போய்த்தான் நமக்கு முதலில் அறிமுகம். வாசகர்கள் அதிலேயே சொக்கினார்கள் என்றால், அதற்கான பாராட்டு முழுக்க ஓவியருக்கும் கதாசிரியருக்கும்.

முகவர் பாக்கி

தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்தார்கள். 1993-ல் சன் டிவி வந்தது. காமிக்ஸை டிவி கொன்றது என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். டிவி வாசகரைக் குறைத்தது, உண்மை. ஆனால் சிறு பதிப்பாளரின் கழுத்தை நெரித்தது பணம் திரும்பி வரும் வேகம்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பத்து ரூபாய் புத்தகம், முகவருக்கு 30 சதவீதம் கழிவு. நூறு பிரதி கடனுக்கு அனுப்புகிறோம். முழுதும் விற்றால் வர வேண்டியது 700 ரூபாய். 35 திரும்பி வந்தால் 455. திரும்பி வந்தவை ஓரம் மடங்கி, அட்டை கசங்கி எடைக்குத்தான் போகும். அந்த 455-ம் மூன்று மாதம் கழித்து வரும், அதுவும் அடுத்த கட்டு அனுப்பினால்தான் வரும். நடுவில் பேப்பருக்கு ரொக்கம், அச்சுக்கு ரொக்கம், உரிமத்துக்கு வெளிநாட்டுப் பணத்தில் முன்கூட்டியே ரொக்கம். உரிமம் என்றால் குறைந்தபட்சத் தொகை ஒன்றை முதலிலேயே கட்ட வேண்டும், புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் அது திரும்பாது. வரத்துக்கும் செலவுக்கும் நடுவே ஆறேழு மாத இடைவெளி விழுகிறது. பெரிய குழுமம் அதை நாளிதழ் விளம்பர வருமானத்தில் மூடிவிடும், மூட மனமில்லாதபோது இதழையே மூடிவிடும். சிறியவருக்கு ஒரே வழி, அடுத்த இதழைத் தள்ளிப்போடுவது. முத்துவும் லயனும் 2000-களில் மாதக்கணக்கில் வராமல் கிடந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இதோடு வாடகை நூல்நிலையமும் பழைய புத்தகக் கடையும் சேரும். ஒரு பிரதியைப் பத்துப் பேர் படிப்பார்கள். இது நட்டம் மாதிரித் தெரியும். ஆனால் இன்று ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் அந்த வாடகைக் கடைகளில் உருவானவர்கள்தான்.

திருப்பம் விலையில் வந்தது. 2010-ல் அந்தப் பதிமூன்று எண் மனிதனின் 'இரத்தப் படலம்' தொகுப்பு எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஒரே புத்தகமாக, கறுப்பு வெள்ளையில், 200 ரூபாய்க்கு வந்தது. பத்து ரூபாய் இதழ் வாங்கிப் பழகியவர்கள் இருநூறு கொடுப்பார்களா என்ற சந்தேகத்துக்கு முன்பதிவு பதில் சொன்னது. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் 'கம்பேக் ஸ்பெஷல்', 100 ரூபாய். அதன்பின் வண்ணமும் ஆர்ட் பேப்பரும் நிலைத்துவிட்டன. பெட்டிக்கடை போனது. ஆண்டுச் சந்தா, நேரடி அஞ்சல், கூரியர், சென்னை, ஈரோடு போன்ற புத்தகக் காட்சிகள், ஆன்லைன் விற்பனை ஆகியவை வந்தன. சந்தாவையும் பிரிவு பிரிவாக்கினார்கள். டெக்ஸ் மட்டும் வேண்டுவோர், கார்ட்டூன் வேண்டாதோர், கிராஃபிக் நாவல் தேடுவோர் என்று அவரவர்க்கு ஒரு தடம்.

இதன் பொருள் இதுதான். முன்பு அச்சடித்துவிட்டு வாங்குபவரைத் தேடினார்கள். இப்போது வாங்குபவரை எண்ணிவிட்டு அச்சடிக்கிறார்கள். ரிட்டர்ன் கிடையாது. பணம் அச்சுக்கு முன்னால் கையில். பிரதி எண்ணிக்கை சுருங்கிவிட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. சுருங்கியதால்தான் பிழைத்தது. ராணி காமிக்ஸ் போன்ற பெரிய விநியோக இயந்திரத்தால் இப்படிச் சுருங்கவே முடியாது. ஆயிரக்கணக்கான கடைகளுக்குக் கட்டுப் போட்டால்தான் அந்த வண்டி ஓடும்.

வண்ணத்தின் விலை

வண்ணம் வந்ததும் கணக்கு தலைகீழானது. 23×36 அங்குல டபுள் டெமி தாளில் ஆல்பம் பக்கம் ஒரு புறத்துக்கு எட்டு. 48 பக்கத்துக்கு மூன்று தாள், ஆறு புறம். கறுப்பு வெள்ளைக்கு ஆறு தகடு போதும். நான்கு வண்ணத்துக்கு 24. ஆயிரம் பிரதி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் தகடு 24-தான். வண்ணம் சரிக்கட்டும்போது ஒவ்வொரு புறத்துக்கும் நூற்றுக்கணக்கில் தாள் கழிவாகும், அதுவும் பிரதி எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. குறைந்த பிரதி அடிப்பவருக்குப் புத்தகம் ஒன்றின் அடக்கவிலை ஏறுவது இதனால். 'வெறும் 48 பக்கத்துக்கு இவ்வளவா' என்பவர்கள் பக்கத்தை எண்ணுகிறார்கள், தகட்டை எண்ணுவதில்லை.

மூல ஆல்பத்தின் 29 செ.மீ. உயரம் இந்தத் தாளில் முழுதாக வராது. 584 மி.மீ. உயரத்தில் மெஷின் தாளைக் கவ்வுவதற்குப் பத்துப் பன்னிரண்டு மி.மீ. விட வேண்டும். மீதியை இரண்டாக வகுத்து, தலையிலும் அடியிலும் மும்மூன்று மி.மீ. வெட்டுக்கு ஒதுக்கினால் கைக்கு வருவது 28 செ.மீ. அதற்கு மேல் வேண்டுமென்றால் பெரிய தாள், பெரிய கழிவு. தமிழ் ஆல்பம் பிரெஞ்சு ஆல்பத்தைவிட ஒரு விரல் குட்டையாக இருந்தால் அதன் பின்னணி இந்தக் கவ்வல்தான்.

ஐரோப்பியப் பதிப்பகங்கள் படத்தையும் எழுத்தையும் தனித்தனி அடுக்காக வைத்திருக்கும். எந்த மொழிக்குப் போனாலும் கறுப்புத் தகடு மட்டும் மாறும். கோப்பு சுத்தமாக வந்தால் ஒட்டு வேலை கிடையாது. ஆனாலும் தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. எழுத்தைக் கணினித் திரைக்கான வண்ணக் கணக்கில் போட்டுவிட்டு அச்சுக்கு மாற்றினால், கறுப்பு எழுத்து நான்கு தகட்டிலும் சிதறும். அச்சில் கால் மி.மீ. நகர்ந்தாலே எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக நிழல். தமிழின் சுழிகளில் அது இன்னும் மோசம், 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். இரண்டாவது, மஞ்சள் பெட்டியில் வரும் வர்ணனை. கறுப்பு, மஞ்சளின் மேலேயே ஏற வேண்டும். மஞ்சளில் எழுத்து வடிவத்துக்கு ஓட்டை விட்டு அதில் கறுப்பை உட்காரவைத்தால், கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்தின் ஒரு பக்கம் வெள்ளைக்கீற்று தெரியும்.

தடித்த தொகுப்புகளில் இன்னொரு ஆபத்து. ஆர்ட் பேப்பரின் வழவழப்பில் பசை பிடிக்காது. முதுகைச் சீவிப் பசை தடவும் பைண்டிங்கில் நானூறு பக்கத்தைப் பிடித்து நிறுத்த முடியாது, மூன்றாம் வாசிப்பில் தாள்கள் கழன்று வரும். ஃபாரம் ஃபாரமாக நூல் தைத்து, கெட்டி அட்டை போட்டால் நிற்கும். கையும் நேரமும் அதிகம் கேட்கும் வேலை அது. தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓடாவிட்டால் தைத்தும் பயனில்லை, பசை ஈரத்தில் பக்கம் அலையலையாக நெளியும்.

அந்த நேரம்தான் சிவகாசியில் கிடைக்காது. சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில். அதற்கான ஸ்பெஷல் இதழ் டிசம்பரில் பைண்டிங்கில் இருக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் சிவகாசி பைண்டர் மேசையெல்லாம் தினசரிக் காலண்டரும் டைரியும். லட்சக்கணக்கில் வேலை தரும் காலண்டர்காரரை ஒதுக்கிவிட்டு, சில ஆயிரம் காமிக்ஸைக் கையில் எடுக்க எந்த பைண்டருக்கு மனசு வரும்? அவசரப்படுத்தினால் மை காயாமல் மடிப்பார்கள், எதிர்ப்பக்கத்தில் டெக்ஸின் சட்டை மஞ்சளாக ஒட்டிக்கொள்ளும். இந்தத் தொழிலைத் தோற்றுவித்த அதே நாட்காட்டிதான் வருடாவருடம் அதன் கழுத்தையும் பிடிக்கிறது. ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில் வருவதால் அந்த இதழ்களுக்கு இந்த நெருக்கடி இல்லை.

மாயாவியின் பழைய பக்கங்கள்

பழைய மாயாவிக் கதைகளை மறுபதிப்புச் செய்வது வண்ண ஆல்பத்தைவிடச் சிக்கலாக இருப்பது ஒரு வேடிக்கை. நெகட்டிவ் நாற்பது வருடத்தில் சுருங்கி, மஞ்சளாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அது இல்லையென்றால் பழைய பிரதியை ஸ்கேன் செய்ய வேண்டும். நியூஸ்பிரிண்ட் பழுத்திருக்கும், பின்பக்கத்துப் படம் முன்பக்கத்தில் தெரியும். பின்னால் கறுப்புத் தாள் வைத்து ஸ்கேன் செய்தால் அந்த ஊடுருவல் குறையும். பிறகு வெளிச்ச அளவைக் கூட்டிப் பழுப்பை வெள்ளையாக்கினால் ப்ளாஸ்கோவின் மெல்லிய நிழல்கோடுகள் பாதி காணாமல் போகும். கூட்டாவிட்டால் பக்கம் முழுக்கத் தூசி. கட்டம் கட்டமாக, முகத்துக்கு ஒரு அளவு, வானத்துக்கு ஒரு அளவு என்று உட்கார்ந்து செய்பவருக்குத்தான் அது வசப்படும்.

பிரிட்டனில் இந்தப் பழைய நாயகர்களின் உரிமை பல கை மாறி, 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. 2021-ல் அவர்கள் எஃகுக் கை மனிதனின் தொடக்ககாலக் கதைகளைப் புத்தகமாகப் போட்டார்கள். அந்தப் பதிப்பில் மூலத்தின் பெரிய பக்கத்தைப் பார்த்தால், தமிழ்ப் பாக்கெட் புத்தகத்தில் வெறும் கறுப்புத் திட்டாகத் தெரிந்த இடங்களில் ஆய்வுக்கூடக் கம்பிகளும் குடுவைகளும் தனித்தனியாகத் தெரிகின்றன.